பல் சோதனைக்கு மனுப் போடலாமா?

கேள்வி: பாம்பன் பக்கம் இருக்கிறோம். 2025 ஆகஸ்டில் படகுத்துறையில் நடந்த அடிதடியில் ஒருவருக்குக் கை முறிந்துவிட்டது. என் மகனை மேஜர் என்று வழக்கில் சேர்த்துவிட்டார்கள். 2008 நவம்பரில் நிஷா புயல் அடித்த வாரம் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவன், ஊருக்கே தெரியும். அக்காவோடு சேர்த்துப் பள்ளியில் விட்டபோது டி.சி.க்கு 1.6.2007 என்று போட்டுவிட்டார்கள். ஒன்பதாவதோடு நின்றுவிட்டான். பிறப்புச் சான்றிதழ் வாங்கவே இல்லை. வயதைக் காட்டப் பல் சோதனை கேட்கலாமா?

பதில்: மேஜர் என்று வழக்கில் சேர்த்ததை விடுங்கள் அம்மா, புயலையும் விடுங்கள். சம்பவத்தன்று பதினெட்டு முடிந்ததா, அதை எந்தக் காகிதம் சொல்கிறது, அவ்வளவுதான் வழக்கு. சிறார் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில், அடுத்து உள்ளாட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவச் சோதனை. வெறும் டி.சி. முதல் வகையில் சேராது என்று 2023-ல் தமிழ்நாட்டு போக்சோ வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே நேராகப் பிறப்புப் பதிவுக்குப் போங்கள். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் பெயர் இல்லாமல் வெறும் 'ஆண்' என்று பதிவாகியிருக்கும். உங்கள் ஊராட்சியில் தேடாதீர்கள், பிறந்த இடமான ராமநாதபுரம் நகராட்சியில் தேடுங்கள்.

பல் பக்கம் மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். டாக்டர்கள் அதிகம் கையில் எடுக்கும் டெமிர்ஜியன் முறை, 1973-ல் பிரெஞ்சு-கனடியப் பிள்ளைகளின் எக்ஸ்ரேக்களை வைத்துப் போட்ட கணக்கு. கீழ்த்தாடை இடப்பக்கத்தில் ஏழு பல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அதைத் தென்னிந்தியக் குழந்தைகளிடம் சோதித்து 1998-ல் வெளியான ஆய்வில் வயது சராசரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டு கூடக் காட்டியது. போதாக்குறைக்கு, பதினாறு வாக்கில் அந்த ஏழும் வேர் மூடிவிடும். மிச்சம் ஞானப்பல்தான், அது ஆளுக்கு ஆள் தன் இஷ்டத்துக்கு வளரும். இதில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பையனுக்குப் பதினேழு என்று தாங்களே மனுப் போட்டு, 'பதினெட்டிலிருந்து இருபது' என்று அறிக்கை வாங்கி வருவார்கள். அப்புறம் எக்ஸ்ரே தப்பு என்று எந்த வாயால் வாதாடுவது? சிறார் வழக்கை விசாரிக்கிற சிறார் நீதிக் குழுமம் ஒரு வயதைக் குறித்துவிட்டால் சட்டத்துக்கு அதுதான் உண்மை வயது. பதிவு கிடைக்கவே இல்லை, பல்தான் கதி என்றால், எந்த ஊர்ப் பிள்ளைகளின் அட்டவணை, எத்தனை வருடம் முன்பின் ஆகலாம் என்பதை அறிக்கையிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

வழக்குக்குப் பிறகு புதிதாகப் பிறப்பைப் பதிந்து கொண்டுவருகிற யோசனையும் வேண்டாம். அரசு வக்கீல் முதலில் பார்ப்பது பதிவு செய்த தேதியை.

கை முறிவுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் (புதிய குற்றவியல் சட்டம்) கொடுங்காயப் பிரிவான 117(2) மட்டும் போட்டிருந்தால், அடிபட்டவர் சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால் சமரசமாக முடிக்கலாம். முடித்துவிடுங்கள். வயதுக்காகச் சண்டை போடுகிற காசு அவருடைய வைத்தியச் செலவுக்குக் காணும். பேசப் போகும்முன் பதிவு நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பையன் மைனர் என்று தெரிந்தால் எதிர்த்தரப்பு கேட்கிற தொகை இறங்கும்.