அது விடுதலையா, முடியாமல் போன விசாரணையா?

கேள்வி: தஞ்சாவூரில் பிறந்த நான் இப்போது அட்லாண்டாவில் வசிக்கிறேன். என் கணவர் கறுப்பினத்தவர். அவருடைய தாத்தாவை 1964-ல் மிசிசிப்பியில் வெள்ளையர் இருவர் காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொன்றுவிட்டார்கள். ஊராரை வாக்காளராகப் பதிவு செய்யச் சொன்னதுதான் அவர் செய்த தப்பு. மறுவருடம் விசாரணை நடந்து, இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். ஒருவர் இறந்துவிட்டார். மற்றவருக்கு 87 வயது, அதே ஊரில் இருக்கிறார். அந்தக் காரைக் கண்ணால் பார்த்த என் மாமியாருக்கு 79 ஆகிறது. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: "வீட்டுக்கு வந்துவிட்டார்களாம்" என்கிறீர்கள். எப்படி வந்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஜூரி (தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழு) "குற்றவாளி அல்ல" என்று சொல்லியிருந்தால், அதே கொலைக்காக அவரை மாநில அரசு மறுபடி கூண்டில் ஏற்ற முடியாது. சிறுவன் எம்மெட் டில்லை 1955-ல் கொன்ற இருவரும் விடுதலையாகி, சில மாதங்களிலேயே பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் "நாங்கள்தான் கொன்றோம்" என்று சொன்னார்கள். சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

ஆனால் ஜூரிக்குள் ஒருமித்த முடிவு வராமல் விசாரணை கலைந்திருந்தால், அது விடுதலை ஆகாது. கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய மெட்கர் எவர்ஸ் 1963 ஜூனில் ஜாக்சன் நகரில் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டார். பைரன் டி லா பெக்வித் மீதான விசாரணை 1964-ல் இரண்டு முறை நடந்து, இரண்டு முறையும் ஜூரி பிளவுபட்டது. 1994-ல் மூன்றாவது விசாரணையில் ஆயுள் தண்டனை. இவ்வளவு தாமதமாக விசாரித்தது செல்லாது என்று அவர் தரப்பு வாதாடியது. மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் 1997-ல் அதை ஏற்கவில்லை. கொலைக்கு அங்கே காலவரம்பும் கிடையாது.

அந்த வழக்கு உயிர் பெற்றதற்கு ஒரு காரணம், பழைய விசாரணைப் பதிவின் பிரதியை எவர்ஸின் மனைவி மிர்லி பத்திரமாக வைத்திருந்தது. நீதிமன்றத்தில் அது காணாமல் போயிருந்தது. கொலைத் துப்பாக்கியோ, அரசு வழக்கறிஞருடைய காலஞ்சென்ற மாமனார் வீட்டில் கிடைத்தது. அந்த மாமனார் ஒரு நீதிபதி! சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, மாமியாரிடம் கேட்டு, விசாரணை நடந்த கவுன்டியின் நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்துக்கு எழுதிப் போடுங்கள். ஜூரி முடிவு எழுதிய அந்த ஒரு தாள் முதலில் வேண்டும். சாட்சிகள் பேசியது முழுக்கக் கிடைத்தால் இன்னும் நல்லது. அன்று அந்த 87 வயதுக்காரருடைய வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்த சாட்சி இறந்திருந்தாலும், அந்தப் பதிவை இன்றைய ஜூரி முன் வாசிக்கலாம். மிசிசிப்பியில் 1964-ல் சிவில் உரிமைப் பணியாளர்கள் மூவர் கொல்லப்பட்ட வழக்கில் எட்கர் ரே கில்லனை 2005-ல் தண்டித்தபோது 1967 விசாரணையின் சாட்சியங்களை அப்படித்தான் வாசித்தார்கள்.

ஒருவேளை அது விடுதலையாகவே இருந்தால்? மத்திய அரசின் கதவு இருக்கிறது, ஆனால் குறுகலானது. மத்திய அரசு தனி அதிகாரம் கொண்டது என்பதால், மாநிலத்தில் விடுதலையானவர் மீதும் அது வழக்குப் போடலாம். சிக்கல் என்னவென்றால், சிவில் உரிமை மீறலுக்கு அன்று ஐந்து வருடக் காலவரம்பு இருந்தது. பின்னால் வந்த சட்டங்களைப் பழைய குற்றத்துக்குப் பொருத்த முடியாது. எனவே இரண்டு விஷயங்களைத் தேடுவோம். கொலை நடந்தது மத்திய அரசு நிலத்திலா? பென் செஸ்டர் வைட் 1966-ல் தேசியக் காட்டில் கொல்லப்பட்டார். மாநில நீதிமன்றத்தில் தப்பித்த எர்னஸ்ட் அவான்ட்ஸ், அந்த நிலத்தின் காரணமாகவே 2003-ல் தண்டிக்கப்பட்டார். அடுத்து, கார் மாநில எல்லையைத் தாண்டியதா? தாண்டியிருந்தால் கடத்தல் குற்றம் வரும். ஹென்றி டீ, சார்லஸ் மூர் என்ற 19 வயது இளைஞர்களை 1964-ல் கடத்திக் கொன்றதற்காக ஜேம்ஸ் ஃபோர்ட் சீல் 2007-ல் இப்படித்தான் தண்டிக்கப்பட்டார். காலவரம்பு கடந்துவிட்டது என்று மேல்முறையீட்டில் மூன்று நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். அந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 9-க்கு 9 என்று பிரிந்ததால், கீழ் நீதிமன்றத் தீர்ப்பே நின்று தண்டனை நிலைத்தது. அவ்வளவு மெல்லிய நூல். உடல் எங்கே கிடைத்தது என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் கேளுங்கள்.

பொய் நம்பிக்கை தர மாட்டேன். எம்மெட் டில் பெயரில் 2008-ல் வந்த சட்டத்தின்படி மத்திய அரசின் நீதித்துறை நூற்றுக்கும் மேற்பட்ட பழைய மரணங்களைப் புரட்டிப் பார்த்தது. பெரும்பாலானவை குடும்பத்துக்கு ஒரு கடிதத்தோடு மூடப்பட்டன. உரிமைப் போராட்டத்தில் இருந்த ஜிம்மி லீ ஜாக்சனை 1965-ல் சுட்டுக் கொன்ற அலபாமா போலீஸ்காரர் 2010-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை ஆறு மாதம். இதைச் சொல்லும்போது எனக்கே கசக்கிறது. இருந்தாலும் அந்தச் சட்டம் 2016-ல் நீட்டிக்கப்பட்டு 1979 வரையிலான மரணங்களை எடுத்துக்கொள்கிறது. நீதித்துறையின் சிவில் உரிமைப் பிரிவுக்கும் அந்த மாவட்ட அரசு வழக்கறிஞருக்கும் சேர்த்தே எழுதுங்கள். எஃப்பிஐ கோப்பையும் தனியாகக் கேளுங்கள், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்து.

மாமியார் பார்த்ததை இந்த வாரமே வீடியோவில் பதியுங்கள். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்யாத வரை அந்த வீடியோ ஜூரி முன் செல்லாது, ஆனால் அரசு வழக்கறிஞரை எழுந்து உட்கார வைக்கும். யாரும் எடுத்துக் கொடுக்காமல், அவர் போக்கில் பேசட்டும். அப்புறம், உங்கள் கணவர் அந்த 87 வயதுக்காரர் வீட்டுப் பக்கம் போகவே கூடாது. அவர் உஷாராகி வக்கீல் வைத்துக்கொண்டால், போலீஸ் கேள்வி கேட்க வரும் நாளில் வாயே திறக்க மாட்டார்.