போனில் ஓடும் கச்சேரியை டிவியில் பார்ப்பது எப்படி?

கேள்வி: வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு முட்டிவலி, தை மாதம் திருவையாறு ஆராதனைக்கு இப்போதெல்லாம் போக முடிவதில்லை. பஞ்சரத்தினக் கீர்த்தனை நேரலையை என் ஆண்ட்ராய்டு போனிலிருந்து 32 அங்குல ஸ்மார்ட் டிவிக்கு அனுப்பிக் காட்டுகிறேன். பாட்டுக்கும் வாயசைப்புக்கும் பொருந்தவில்லை, விட்டு விட்டு வருகிறது, போனும் சூடாகிறது. சினிமா செயலிகளைத் திறந்தால் டிவி கருப்பாகிவிடுகிறது. வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது, போன் டேட்டாதான். எச்டிஎம்ஐ வயர் வாங்கினால் சரியாகுமா? துபாயில் இருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களையும் அம்மாவுக்குப் பெரிதாகக் காட்ட வேண்டும்.

பதில்: வயருக்குப் பணம் போடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிவியும் நன்றாக இருக்கிறது, போனும் நன்றாக இருக்கிறது. டிவி செய்ய வேண்டிய வேலையைப் போன் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் பயன்படுத்துவது மிரரிங். ஸ்மார்ட் வியூ, வயர்லெஸ் டிஸ்ப்ளே என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைத்திருக்கும். உள்ளே இருப்பது பெரும்பாலும் 2012ல் வந்த மிராகாஸ்ட் முறை. போன் நேரலையை இணையத்திலிருந்து இறக்கித் தன் திரையில் காட்டுகிறது. பிறகு அந்தத் திரையையே இன்னொரு வீடியோவாகச் சுருக்கி, காற்றுவழியாக டிவிக்கு அனுப்புகிறது. டிவி அதை மறுபடி விரித்துக் காட்டுகிறது. சூடும் தாமதமும் திக்கலும் இங்கேதான் பிறக்கின்றன. மடையைத் திறந்தால் தானே பாயும் தண்ணீரை, வாய்க்காலில் குடம் குடமாய் மொண்டு வயலுக்குச் சுமப்பது மாதிரி. கருப்புத் திரைக்குக் காரணம் வேறு: கட்டணப் படங்களை யாரும் பதிவு செய்துவிடக் கூடாது என்று செயலிகளே திரை நகலைத் தடுத்துவிடுகின்றன. எந்த அமைப்பை மாற்றினாலும் அது விலகாது. விலக்கித் தருகிறேன் என்று சொல்லும் செயலிகளை இறக்காதீர்கள்.

இணையத்தில் இருக்கும் எதையும் டிவியே நேராக எடுத்துக்கொள்ளட்டும். உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் (போன் டேட்டாவை வைஃபையாகப் பகிரும் வசதி) போட்டு, டிவியின் வைஃபை பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். பெயர் தெரியவில்லையா? விலை குறைந்த 32 அங்குல டிவிகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே பிடிக்கும். புதிய போன்களின் ஹாட்ஸ்பாட் சிலசமயம் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் அலைவரிசை என்ற இடத்தில் 2.4க்கு மாற்றுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் ‘மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’யை இயக்கினால் போதும்.

அப்புறம் டிவியிலேயே இருக்கும் யூடியூபைத் திறந்து, அமைப்புகளில் ‘லிங்க் வித் டிவி கோட்’ என்பதற்குப் போங்கள். அங்கே வரும் எண்ணைப் போனின் யூடியூப் அமைப்புகளில் ‘வாட்ச் ஆன் டிவி’ பகுதியில் கொடுத்துவிட்டால், போன் ரிமோட்டாகிவிடும். போன் யூடியூபில் டிவிக்கு அனுப்ப இருக்கும் காஸ்ட் பொத்தானை நம்பினால், ஹாட்ஸ்பாட் கொடுக்கும் அதே போனுக்கு டிவி கண்ணில் படாமல் போவதுண்டு. டிவி கோடுக்கு அந்தச் சிக்கல் இல்லை, இரண்டும் இணையம் வழியாகவே பேசிக்கொள்கின்றன. இதற்குக் கட்டணமும் கிடையாது. டிவியை ஆக்டிவேட் செய்யப் பணம் கட்டச் சொல்லி ஏதாவது பக்கம் வந்தாலோ போன் வந்தாலோ, அது மோசடி. சினிமா செயலிகளையும் இப்படியே டிவியில் திறந்து பாருங்கள், கருப்புத் திரை வராது.

ஹாட்ஸ்பாட் போனை டிவி பக்கத்தில் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் சுவர் தடிமன் அதிகம். கூடத்துக்குள் டவர் சிக்னல் இளைத்துவிடும். போனைத் திண்ணை ஜன்னலில், சிக்னல் நன்றாக வரும் இடத்தில் சார்ஜில் போட்டு வையுங்கள். அங்கிருந்து கூடத்து டிவிக்கு 2.4 அலைவரிசை பெரும்பாலும் எட்டும். போனில் வோல்ட்இ (4ஜி வழியாகவே அழைப்பு பேசும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் அழைப்பு வந்ததும் டேட்டா நின்று பாட்டும் நிற்கும்.

டேட்டா கணக்கு முக்கியம். நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கில், சாதாரணத் தரத்துக்கு மணிக்கு 1 ஜிபி வரை, எச்டிக்கு 3 ஜிபி வரை போகும். நாளைக்கு 1.5 ஜிபி திட்டத்தில் எச்டி வைத்தால் ‘எந்தரோ மஹானுபாவுலு’ வருவதற்குள் டேட்டா தீர்ந்துவிடலாம். பஞ்சரத்தினத்தில் அதுதான் கடைசிக் கீர்த்தனை, அம்மா அதற்காகத்தான் காத்திருப்பார். அதனால் டிவி யூடியூபில் தரத்தை 480க்குக் குறைத்துவிடுங்கள். படம் கொஞ்சம் மங்கும், பாட்டுக்குக் குறைவு வராது.

தம்பியின் வீடியோக்கள் உங்கள் போனிலேயே இருப்பவை. அவற்றுக்கு மிரரிங் செய்யலாம், தப்பில்லை; ஆனால் வங்கி ஓடிபி முதல் சொந்தக்காரர் மெசேஜ் வரை எல்லாமே டிவியில் தெரியும். அறிவிப்புகளை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். எனக்குப் பிடித்த வழி, போனிலும் டிவியிலும் செருகக்கூடிய ஓடிஜி பென்டிரைவ். வீடியோக்களை அதில் ஏற்றி டிவியில் செருகிவிட்டால், நீங்கள் வயலுக்குப் போன நேரத்திலும் அம்மா ரிமோட்டை வைத்தே பார்த்துக்கொள்வார். சத்தம் வந்து படம் வராவிட்டால், எச்இவிசி என்ற புதிய சுருக்க முறையில் எடுத்த வீடியோவாக இருக்கலாம், பழைய டிவிகள் பலவற்றுக்கு அது புரியாது. தம்பியின் போன் கேமரா அமைப்பில் எச்.264 என்ற பழைய முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். கல்யாண வீடியோ மாதிரி 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏற மறுத்தால், பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்ய வேண்டும். அந்த முறையை டிவி ஏற்கிறதா என்று முதலில் சின்னக் கோப்பு ஒன்றைப் போட்டுச் சோதியுங்கள்.

வயர் ஏன் வேண்டாம் என்றேன் என்றால், டைப்-சி துளை இருக்கும் எல்லாப் போனும் அதன் வழியே படம் தராது. டிஸ்பிளேபோர்ட் வசதி உள்ள போன்களே தரும். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் அது இருக்காது. உங்கள் போன் மாடலின் விவரக்குறிப்பில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் கடைக்குப் போங்கள். போனையும் கையோடு கொண்டுபோய், அங்கேயே ஒரு டிவியில் செருகிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.