பெரம்பூர் டின்னருக்கு ரெட் வைன்

ப்ரோ, ஆபீஸ் சீனியர் வீட்டு டின்னர், ஆங்கிலோ இந்தியன் ஃபேமிலி, மஞ்ச சோறு, கறி உருண்டை போட்ட குழம்பு (ball curry), 1500க்குள்ள எந்த ரெட் வைன்னு கேட்டீங்கல்ல, ஃபாரின் பாட்டில் பக்கமே போகாதீங்க, அந்த காசுல நல்லது சிக்காது. பெங்களூர் பக்கம் நந்தி ஹில்ஸ்ல க்ரோவர் ஸாம்பான்னு வைன் கம்பெனி இருக்காங்க, அவங்க லா ரிசர்வ் ரெட், கேபர்னே, ஷிராஸ்னு ரெண்டு வகை திராட்சை கலந்தது, கறிக்கு ஈடு குடுக்கும். பட்ஜெட் இடிச்சா நாசிக்ல இருக்கற சூலா கம்பெனியோட ஷிராஸ் கேபர்னே வாங்கிக்கோங்க, அதுவும் மோசமில்ல.

ஆனா மஞ்ச சோத்துக்கு டெவில் சட்னி வைப்பாங்க பாருங்க, அந்த காரத்துல ரெட் வைனோட துவர்ப்பு இன்னும் தூக்கலா தெரியும், அதனால ரொம்ப கெட்டியான வைன் வேணாம். போர்ட் வைன்னு சீப்பா வர்றது பாகு மாதிரி இனிக்கும், வுட்டுடுங்க.

சாதா டாஸ்மாக்ல தேடி அலையாம நேரா எலைட் கடைக்கு போங்க, இருக்கறத பாத்து எடுங்க. பாட்டில பைக் டேங்க் கவர்ல வெயில்ல வெச்சுக்கினு சுத்தாதீங்க. 'ரூம் டெம்பரேச்சர்ல குடிக்கணும்'னு சொல்றதுலாம் குளிர் நாட்டுக்கு, நம்மூரு புழுக்கத்துக்கு ஊத்தறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெக்க சொல்லுங்க.