பார்சிலோனாவிலிருந்து ஓர் இரவு அந்தோரா: விசாவில் '01' என்று இருந்ததற்கு யார் பொறுப்பு?

கேள்வி: வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, திருச்சியில் வசிக்கிறேன். கடந்த மே மாதம் நானும் மனைவியும் சென்னை டிராவல் ஏஜென்சி ஒன்றின் மூலம் ஸ்பெயின் போனோம். பார்சிலோனாவில் மூன்று இரவு, அப்புறம் ஓர் இரவு அந்தோரா, திரும்பி வந்து இன்னோர் இரவு பார்சிலோனா. விமானம், ஹோட்டல், விசா எல்லாம் சேர்த்து இருவருக்கும் 4,20,000 ரூபாய். விசா படிவத்தை நிரப்பியது அவர்கள்தான். காட்டிய இடத்தில் நாங்கள் கையெழுத்து போட்டோம். நான்காம் நாள் காலை அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு அந்தோரா பஸ்ஸுக்குப் போனோம். வழிகாட்டிப் பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, என் விசா மல்ட்டிபிள் என்ட்ரி (பல முறை நுழையலாம்) என்பதால் நான் வரலாம், மனைவியின் விசாவில் '01' (ஒரு முறை மட்டுமே நுழையலாம்) என்று இருப்பதால் அவரை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். (மகனைப் பார்க்க நான் ஏற்கெனவே இரண்டு முறை ஜெர்மனி போயிருக்கிறேன், மனைவிக்கு இதுதான் முதல் பயணம்.) இருவருமே போகவில்லை. அன்று இரவுக்கு வேறு அறை பிடிக்க 210 யூரோ ஆனது. ஏஜென்சியைக் கேட்டால், "விசா தூதரகத்தின் முடிவு. பணம் திரும்பக் கிடையாது என்று விதிமுறையிலேயே இருக்கிறது. சிங்கிள் என்ட்ரியில் எத்தனையோ பேர் போய்வருகிறார்கள்" என்கிறார்கள். வழக்குப் போட்டால் நிற்குமா? சென்னைக்கு அலைய வேண்டுமா? மனைவியின் அடுத்த விசாவுக்கு இது கரும்புள்ளியாகுமா?

பதில்: முதலில் அந்த வழிகாட்டிப் பெண்ணுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். அன்று உங்கள் கண்ணுக்கு அவர் வில்லியாகத் தெரிந்திருப்பார். உண்மையில் உங்களைப் பெரிய சிக்கலிலிருந்து காப்பாற்றியவர் அவர்தான்.

பார்சிலோனாவிலிருந்து பஸ்ஸில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் அந்தோரா வந்துவிடும். செலவழிப்பதும் அதே யூரோதான். அதனால் ஸ்பெயினின் ஏதோ ஒரு மலை ஊர் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பைரனீஸ் மலையில், ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் நடுவில் 468 சதுர கிலோமீட்டரில் இருக்கும் அது தனி நாடு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளைச் சுற்றிவர முடிகிற ஷெங்கன் பகுதியிலும் இல்லை. உள்ளே போக அந்தோரா விசா கேட்பதில்லை. சிக்கல் திரும்பி வரும்போதுதான். அந்தோராவுக்குள் கால் வைத்ததுமே ஷெங்கனிலிருந்து வெளியேறியதாகக் கணக்கு. மனைவியின் ஒரே ஒரு '01' பார்சிலோனா விமான நிலையத்திலேயே செலவாகிவிட்டது. அந்தோராவில் விமான நிலையமோ ரயிலோ கிடையாது. வெளியே வரும் சாலைகள் ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் மட்டும்தான், இரண்டுமே ஷெங்கன். திரும்பும் வழியில் எல்லையில் நிறுத்தியிருந்தால் எந்தப் பக்கம் போயிருப்பீர்கள்?

'எத்தனையோ பேர் போய்வருகிறார்கள்' என்பதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அந்தச் சாலையில் எல்லா வண்டியிலும் எல்லாப் பாஸ்போர்ட்டையும் பார்ப்பதில்லை. ஆனால் அந்தோராவில் வரி குறைவு என்பதால் சிகரெட், மதுபானம் எவ்வளவு கொண்டு வருகிறார்கள் என்று ஸ்பெயின் சுங்கத்தினர் பஸ்ஸை நிறுத்துவது சகஜம். மாட்டாமல் வருவது அதிர்ஷ்டம். அதை நம்பிக் காசு வாங்கிக்கொண்டு ஆளை அனுப்புவது சேவைக் குறைபாடு. 'எத்தனையோ பேர்' என்ற அந்த வாசகம் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ வந்திருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். சிங்கிள் என்ட்ரியில் போகக்கூடாது என்று அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு, அவர்கள் வாயாலேயே கிடைத்த சாட்சி அது.

சரி, 'விசா தூதரகத்தின் முடிவு' என்ற வாதம். இது வலுவான வாதம்தான். விசா மறுக்கப்பட்டதற்காக மட்டும் ஏஜென்டைப் பொறுப்பாக்குவது கடினம். ஆனால் உங்கள் வழக்கில் விசா மறுக்கப்படவில்லை. எதைக் கேட்டார்கள் என்பதுதான் கேள்வி. ஷெங்கன் படிவத்தில் எத்தனை முறை நுழைய அனுமதி வேண்டும் என்று ஒரு கட்டம் உண்டு: ஒரு முறை, இரண்டு முறை, பல முறை. மனைவியின் படிவத்தில் எதை டிக் செய்தார்கள்? வழக்கு மொத்தமும் அந்த டிக்கில்தான் இருக்கிறது.

'ஒரு முறை' என்று டிக் செய்திருந்தால், அந்தோரா இரவைத் தாங்களே விற்றுவிட்டு, அதற்குப் போதாத விசாவைத் தாங்களே கேட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் அவர்கள் சொல்ல ஒன்றும் இருக்காது. 'பல முறை' என்று கேட்டும் தூதரகம் ஒன்றுதான் கொடுத்தது என்றால் வழக்கு கொஞ்சம் மெலிகிறது, செத்துவிடாது. பாஸ்போர்ட் திரும்பி வந்த நாளில் விசா ஸ்டிக்கரைப் பார்த்து, அந்த ஓர் இரவை ஹிரோனாவுக்கோ தாரகோனாவுக்கோ மாற்றியிருக்கலாம். இரண்டும் பக்கத்து ஊர்கள், எல்லை தாண்ட வேண்டியதில்லை. அதைச் செய்யாதது அவர்கள் குறை. 'ஸ்டிக்கரை நீங்களும்தானே பார்த்தீர்கள்?' என்று நுகர்வோர் ஆணையம் உங்களையும் கேட்கும். அந்த '01' எதைக் குறிக்கிறது என்று தெரியாமல்தான் ஏஜென்சிக்குப் பணம் கொடுத்தோம் என்று நேராகச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். விசா எளிதாகக் கிடைக்கட்டும் என்று சில ஏஜென்சிகள் விண்ணப்பத்தோடு வேறு பயணத் திட்டத்தை இணைப்பதுண்டு. உங்கள் கோப்பில் ஐந்து இரவும் பார்சிலோனா என்று காட்டியிருந்தால், 'கையெழுத்து போட்டது நீங்கள்தானே' என்று உங்கள் பக்கமே திருப்புவார்கள். படிக்காமல் கையெழுத்து போட்டோம் என்பது நல்ல பதில் இல்லை, ஆனால் அதுதான் உண்மை என்றால் அதையே சொல்லுங்கள். அவர்கள் உங்களுக்குக் கொடுத்த பயணத் திட்டத்தில் அந்தோரா இருக்கிறதல்லவா? இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யார் யாரிடம் எதை மறைத்தார்கள் என்று தெரிந்துவிடும்.

அடுத்து, 'நாங்கள் விசாவுக்கு உதவி மட்டும்தான் செய்தோம்' என்று கழன்றுகொள்ளப் பார்ப்பார்கள். வருமான வரித் துறை இணையதளத்தில் உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் என்று சொல்லி டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) வாங்கியிருந்தால் அதில் தெரியும். அரசிடம் பேக்கேஜ் விற்றதாகக் கணக்குக் காட்டிவிட்டு, ஆணையத்தில் வெறும் விசா உதவியாளர் என்று சொல்ல முடியாது. (அந்த டிசிஎஸ் தொகையை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.)

சென்னைக்கு அலைய வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன் பிரிவு 34 நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க வழி செய்கிறது. நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்பதால் திருச்சி மாவட்ட ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. நுகர்வோர் புகார்களுக்கான அரசின் இ-ஜாக்ருதி தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். பிரிவு 69-ன்படி இரண்டு ஆண்டுகள் அவகாசம். அந்தப் பஸ் போன தேதியிலிருந்து எண்ணுங்கள்.

அதற்கு முன் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். படிவ நகல்களையும் விசா மையத்தில் கொடுத்த எல்லாத் தாள்களையும் 15 நாளில் தரச் சொல்லுங்கள். தராவிட்டால், அவற்றைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிட பிரிவு 38(9)-ன் கீழ் ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

'பணம் திரும்பக் கிடையாது' என்ற விதிமுறையைப் பார்த்ததும், இது நியாயமற்ற ஒப்பந்தம் என்று புகாரில் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். நியாயமற்ற ஒப்பந்தம் என்ற புகாரைச் சட்டம் மாநில ஆணையத்துக்குத்தான் ஒதுக்கியிருக்கிறது. மாவட்டத்தில் அதைத் தொட்டால் எதிர்த்தரப்பு முதல் நாளே அதிகார வரம்பு என்று ஆரம்பிக்கும். சேவைக் குறைபாடு என்று மட்டும் நில்லுங்கள். அந்த விதிமுறை, பயணி மனம் மாறி ரத்து செய்தால் பொருந்தும். அவர்களே சொதப்பியதற்குப் பொருந்தாது.

எவ்வளவு கேட்கலாம்? 4,20,000 முழுவதையும் கேட்காதீர்கள். மூன்று நாள் பார்சிலோனாவைப் பார்த்திருக்கிறீர்கள். முழுத் தொகையும் கேட்டால் மற்ற கோரிக்கைகளின் மதிப்பும் குறையும். அந்தோரா ஹோட்டல், பஸ் கட்டணத்தில் இருவருக்குமான பங்கு, கூடுதல் இரவின் 210 யூரோ, இவற்றுக்கு வட்டி, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. கணவர் தனியாகப் போயிருக்கலாமே என்று கேட்டால் பயப்படாதீர்கள். மொழி தெரியாத ஊரில், அறையும் இல்லாமல் பெட்டியோடு மனைவியை நடுத்தெருவில் விட்டுவிட்டு யார் போவார்கள்? பஸ் நிறுவனத்தை எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டாம். அவர்கள் செய்தது சரி.

மனைவியின் விசா பற்றிய கவலையை விடுங்கள். அவர் எல்லையைத் தாண்டவே இல்லை. சொன்ன நாளில் ஊர் திரும்பியிருக்கிறார். இது முறையாகப் பயன்படுத்திய விசா. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்காக ஐரோப்பிய ஆணையம் கொண்டுவந்த விதிப்படி, மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு இரண்டு ஆண்டு மல்ட்டிபிள் என்ட்ரி கிடைக்க வாய்ப்புண்டு. உங்கள் மனைவிக்கு ஒன்று முடிந்தது.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததும் பெரும்பாலும் ஒரு போன் வரும்: "சார், அடுத்த டூரில் தள்ளுபடி தருகிறோம், இந்தத் தாளில் ஒரு கையெழுத்து." இந்த முறையாவது படித்துப் பாருங்கள். 'முழுமையான, இறுதியான தீர்வு' என்று ஒரு வரி இருந்தால், பணம் வங்கிக் கணக்கில் ஏறும்வரை பேனா உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.