சுடுவதும் இல்லை, ஜெயிப்பதும் இல்லை: வண்ணக் குழப்பத்தில் சும்மா நடந்து திரியும் வீடியோ கேம்களில் அப்படி என்ன இருக்கிறது?

கேட்டவர் கொஞ்சம் விவரமாகவே கேட்டிருக்கிறார். எதிரி இல்லை, மதிப்பெண் இல்லை, பல நேரம் கதைகூட இல்லை. மலிவான கிராபிக்ஸ், கனவில் வருவது போன்ற வண்ணங்கள், நம் கண் வழியாகவே பார்த்தபடி நடப்பது மட்டும்தான். இதில் என்ன கிடைக்கிறது, பழைய லேப்டாப் வைத்திருப்பவர் எதிலிருந்து தொடங்கலாம் என்பது அவருடைய கேள்வி. பத்து ஆண்டுகளாக இந்த வகையைத் தேடித் தேடி விளையாடுகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கணினிக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போது எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். காற்று ஓய்ந்த பிறகு பால் கிடைக்குமா என்று பார்த்து வர அம்மா அனுப்பினார். கதவைத் திறந்ததும் தெருவில் வெளிச்சம் அதிகமாக இருந்தது. மரங்கள் சாய்ந்துவிட்டதால் வானம் கீழே இறங்கி வந்துவிட்டது போலிருந்தது. வழியெங்கும் கிளைகள், ஓடுகள், கம்பிகள். பால்கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நான் வழி தவறினேன். திரும்ப வேண்டிய முனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்றிருந்தது. அத்தனை ஆண்டுகளும் அதைப் பார்த்துத்தான் திரும்பிக்கொண்டிருந்தேன் என்பது, அது இல்லாத அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தத் தெருவை நான் முதன்முதலாகப் பார்த்ததும் அன்றுதான். ஒவ்வொரு வீட்டுச் சுவரின் நிறமும் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

அந்தக் காலையில் என் கண்களுக்கு நேர்ந்ததை, யாருடைய கூரையும் பறக்காமல், யாருடைய முந்திரித் தோப்பும் அழியாமல், இந்த விளையாட்டுகள் எனக்குத் திரும்பத் தருகின்றன. இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த வகையின் மூதாதை என்று நான் கருதுவது ‘எல்எஸ்டி: ட்ரீம் எமுலேட்டர்’. 1998 அக்டோபரில் சோனியின் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவிக்காக ஜப்பானில் மட்டும் வெளிவந்தது. உருவாக்கியவர் ஒசாமு சாட்டோ என்ற கலைஞர். வெளியிட்ட ஆஸ்மிக் ஏஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஹிரோகோ நிஷிகாவா பத்தாண்டுகளுக்கு மேல் எழுதிவந்த கனவு நாட்குறிப்புதான் அதற்கு அடிப்படை. எல்எஸ்டி ஒரு போதைப்பொருளின் பெயரும்கூட; அதைப் பார்த்து யாரும் தவறாக எண்ண வேண்டாம். அதில் இருப்பது ஒரு பெண்ணின் கனவுகள். ஒவ்வொரு கனவும் அதிகபட்சம் பத்து நிமிடம். நடக்கலாம், அவ்வளவுதான். ஆனால் எதன்மீது மோதினாலும், அது சுவராக இருக்கட்டும், விலங்காக இருக்கட்டும், மனிதராக இருக்கட்டும், அந்த நொடியே வேறோர் இடத்தில் நிற்போம். ஒரு பழைய ஜப்பானியத் தெருவில் சுவரை உரசினால் அடுத்த கணம் புல்வெளி. கனவு முடிந்ததும் கட்டம் போட்ட ஒரு வரைபடத்தில் ஒரு புள்ளி விழும். அன்றைய கனவு மேலெழும்பியதா கீழே இழுத்ததா, அசைந்ததா உறைந்ததா என்பதை அந்தப் புள்ளி காட்டும். நாட்கள் கூடக்கூட, ஏற்கெனவே பார்த்த தெருவின் சுவர்களில் வேறு தோல் போர்த்தியிருக்கும். மரம் இல்லாத என் தெருமுனைதான் அது. கட்டடங்களின் வடிவம் அப்படியே இருக்கும், அவற்றின்மேல் இருந்த நம் நம்பிக்கை மட்டும் போயிருக்கும்.

மலிவாக இருப்பது இந்த விளையாட்டுகளுக்கு ஒரு குறை என்று பலர் நினைக்கிறார்கள். நான் அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். ஒரு மனித முகத்தை நம்பும்படி செய்வதற்குப் பெரிய குழு வேண்டும். பேசவைக்க நடிகர்கள் வேண்டும். அசைக்கத் தனி ஆட்கள் வேண்டும். ஒருவரோ இருவரோ உட்கார்ந்து செய்யும்போது முதலில் விடுபடுவது மனிதர்கள். மிஞ்சுவது இடம். தொலைவில் இருப்பதையெல்லாம் வரையக் கருவிக்குச் சக்தி இல்லை என்றால் பனிமூட்டம் போட்டு மறைப்பார்கள். அந்தப் பனிமூட்டமே மர்மமாகிவிடும். பழைய பிளேஸ்டேஷனில் முதன்மை நினைவகம் 2 மெகாபைட், படத்துக்குத் தனியாக 1 மெகாபைட். அது உருவங்களின் முனைப் புள்ளிகளை, பின்னங்களை விட்டுவிட்டு, முழு எண்களுக்கு வெட்டித்தான் திரையில் வைக்கும். அதனால் சுவரின் ஓரங்கள் மெல்ல நடுங்கும். சுவரில் ஒட்டிய படத்தைத் தொலைவுக்கு ஏற்பச் சரியாகச் சுருக்கவும் அதற்குத் தெரியாது. அருகில் போனால் செங்கல் வரிசைகள் நீருக்கடியில் இருப்பதுபோல் நெளியும். அன்றைக்கு அது இயலாமை. இன்று அதே நடுக்கத்தையும் நெளிவையும் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள், ஏனென்றால் நினைவில் இருக்கும் இடங்களும் அப்படித்தான் நடுங்குகின்றன.

இன்னொரு வித்தையைக் கொஞ்சம் நின்று விளக்குகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கணினி ஒவ்வொரு நொடியும் பல முறை திரையைத் துடைத்துவிட்டுப் புதிதாக வரைகிறது. வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவதுபோல. அந்தப் பெருக்குகிற வேலையை மட்டும் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? நேற்றைய கோலத்தின்மேல் இன்றைய கோலம், அதன்மேல் நாளைய கோலம். வானம் இருக்க வேண்டிய வெற்றிடங்களில், நாம் திரும்பிய பக்கமெல்லாம் மரமும் சுவரும் தங்கள் தடத்தை இழுத்துக்கொண்டே வரும். சாயம் கரைந்து ஓடுவது போன்ற அந்தக் காட்சிக்காகப் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் கேமராவுக்கு உள்ள ஒரு தேர்வை மாற்றினால் போதும். செலவு ஒரு காசும் இல்லை. முதல்முறை செய்து பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

இப்போது ‘புரோட்டியஸ்’. எட் கீ, டேவிட் கனாகா என்ற இருவர் செய்து 2013 ஜனவரியில் வெளியிட்டார்கள். கடல்மேல் கண் விழிப்போம். தூரத்தில் மங்கலாக ஒரு தீவு. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கணினி வேறொரு தீவைப் பிறப்பித்துத் தரும். பெரிய பெரிய கட்டங்களாலான மரங்கள், தட்டையான நிறங்கள். தீவில் இருப்பதெல்லாம் இசைக்கும். மழைக்கு ஒரு ஓசை, மலையுச்சிக்கு ஒன்று, அந்திக்கு ஒன்று. நாம் நடப்பதற்கேற்ப இசை கூடும், குறையும். இரவில் வெண்பொறிகள் ஓரிடத்தில் வட்டமாகச் சுழலும்; உள்ளே போய் நின்றால் காலம் விரைந்தோடி அடுத்த பருவம் பிறக்கும். வசந்தம், கோடை, இலையுதிர் காலம், பனிக்காலம், அத்துடன் முடிந்தது. ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு மாலை அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கணினி விளையாட்டு எதையும் அவர் தொட்டதில்லை. மவுஸை நான் பிடித்துக்கொண்டேன். முன்னே நடக்கும் விசையை மட்டும் அவர் ஒரு விரலால் அழுத்தினார். தவளை ஒன்று துள்ளியது, துள்ளலுக்கு ஒரு சுரம் வந்தது. “பின்னாலேயே போ தம்பி” என்றார். அது துள்ளத் துள்ள நாங்கள் ஒரு குன்றுவரை போய்விட்டோம். அங்கே ஒரு சிறு வீடு. கதவு திறக்காது.

“ஆள் யாரும் இல்லையா?”

“இல்லை அம்மா. இந்தத் தீவில் மனிதர்களே கிடையாது.”

“அப்படியானால் இந்த வீட்டைக் கட்டியது யார்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. விளையாட்டும் அதற்குப் பதில் தருவதில்லை. மறுநாள் காய் நறுக்கும்போது அம்மாவே சொன்னார்: “அந்த வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போயிருப்பார். கரையில் படகு இல்லை, கவனித்தாயா?” நான் கவனித்திருக்கவில்லை. நூற்றுக்கணக்கானோர் உழைத்த விளையாட்டுகள் பல என் அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் எதுவும் எங்கள் சமையலறைவரை வந்ததில்லை.

இந்த வகையில் வருவதெல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலானவை எனக்குப் பிடிக்கவில்லை. எல்லா வண்ணமும் எல்லா நேரமும் மாறிக்கொண்டிருந்தால் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. திருவிழாச் சீரியல் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தது போலாகிவிடும். ஏதாவது ஒன்று நிலையாக நிற்க வேண்டும், அப்போதுதான் மற்றவை மாறுவது தெரியும். ‘புரோட்டியஸ்’ தீவில் எங்கே நின்றாலும் கடல் தீவைச் சுற்றியிருக்கிறது. ‘எல்எஸ்டி’யில் மோதினால் இடம் மாறும் என்ற விதி ஒருபோதும் பொய்க்காது. ஆஸ்திரேலியரான அலெக்சாண்டர் புரூஸ் உருவாக்கிய ‘ஆன்டிசேம்பர்’ புதிர் விளையாட்டுதான் என்றாலும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் தொடக்கத்திலேயே இரண்டு படிக்கட்டுகள் வரும், ஒன்று மேலே, ஒன்று கீழே. எதில் போனாலும் அதே இடத்துக்குத் திரும்பி வருவோம். வந்த வழியே திரும்பி நடந்தால்தான் புதிய பாதை திறக்கும். உலகம் பைத்தியமாகத் தெரிகிறது, ஆனால் அதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

பிச்சாவரம் போயிருக்கிறவர்களுக்கு நான் சொல்வது எளிதில் புரியும். துடுப்புப் படகில் சுரபுன்னைக் காட்டின் குறுகலான கால்வாய்க்குள் நுழைந்த ஐந்தாவது நிமிடம் திசை போய்விடும். மேலே பச்சைக் கூரை, இருபுறமும் ஒரே மாதிரி வேர்கள், கீழே அதே வேர்களின் தலைகீழ் நிழல். எந்தத் திருப்பமும் முந்தைய திருப்பத்தின் நகல்போல இருக்கும். படகுக்காரர் மட்டும் தயங்காமல் திரும்புவார். ஒருமுறை கேட்டேன். வேரில் ஈரம் எவ்வளவு உயரத்துக்கு ஏறியிருக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்துத் திரும்புவதாகச் சொன்னார். அன்று மாலைவரை நானும் ஈரக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல விளையாட்டு ஒன்றை அடையாளம் காண நான் வைத்திருக்கும் அளவுகோல் அந்த ஈரக்கோடுதான். குழப்பத்துக்குள் அப்படி ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று தேடுவேன்.

இனி நடைமுறை. ‘புரோட்டியஸ்’ஸிலிருந்து தொடங்குங்கள். பழைய லேப்டாப்பிலும் ஓடும். ஹெட்போன் கட்டாயம், ஏனென்றால் அதில் பாதி காதுக்கானது. அடுத்து, டாம் வான் டென் பூகார்ட் 2014-இல் இலவசமாக வெளியிட்ட ‘பெர்ன்பேண்ட்’. புள்ளி புள்ளியாகத் தெரியும் ஒரு வேற்றுக்கிரக நகரத்தில் இரவு உலா. எதையும் எடுக்க முடியாது, யாருடனும் பேச முடியாது. நெரிசலான நடைபாதையில் ஊருக்குப் புதியவராக நடப்பீர்கள். வண்ணத்தில் முழுதாக மூழ்க வேண்டும் என்றால் கலர்ஃபிக்‌ஷன் என்ற பெயரில் இயங்கும் படைப்பாளி 2018-இல் வெளியிட்ட ‘0°வ 0°மே’ (0°N 0°W). நிலநடுக்கோடும் கிரீன்விச் கோடும் வெட்டிக்கொள்ளும் அந்தப் புள்ளி உண்மையில் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், வெறும் கடலில் இருக்கிறது. விளையாட்டில் கதவுக்குக் கதவு ஓர் உலகம். மலிவாகச் செய்தது என்பதால் எந்தக் கணினியிலும் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். வண்ணங்களைக் கரைக்கும் கணக்குகள் கிராபிக்ஸ் கார்டை நன்றாகவே வதைக்கும். இட்ச்.ஐஓ தளத்தில் இவைபோல் ஏராளமாகக் கிடைக்கின்றன, பல இலவசம். அரை மணி நேரத்தில் முடிந்துவிடுபவற்றை முதலில் எடுங்கள்.

உடல்நலத்தில் கவனம் வேண்டும். தலை சுற்றினால் விளையாட்டின் அமைப்புகளில் பார்வைக் கோணத்தை அகலமாக்குங்கள், நடக்கும்போது தலை ஆடும் அமைப்பு இருந்தால் நிறுத்துங்கள், அறை விளக்கை எரியவிடுங்கள். அப்படியும் குமட்டினால் அன்றைக்குப் போதும். வலிப்பு நோய் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது இருந்தவர்கள், மின்னி மின்னி மாறும் வண்ணங்கள் உள்ளவற்றைத் தொடவே வேண்டாம். 1997 டிசம்பரில் ஜப்பானில் போகிமான் தொலைக்காட்சித் தொடரின் ஒரே ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி ஒளிர்ந்ததில் 600-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அழகுக்காக அந்த ஆபத்தை ஏற்கத் தேவையில்லை. இப்படி மின்னாத நல்ல விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன.

இப்போது புதுச்சேரியில் வேலை பார்க்கிறேன். கடலூரிலிருந்து தினமும் பஸ். இரவுகளில் கொஞ்சம் கொஞ்சமாக நானும் ஒன்று செய்துவருகிறேன், கோடோ என்ற இலவச மென்பொருளில். மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெரு, பால்கடைவரை. ஒவ்வொரு முறை நடக்கும்போதும் தெருவில் ஏதோ ஒன்று காணாமல் போயிருக்கும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். சுவர்களின் நிறம் சரியாக வந்துவிட்டது. புயல் நின்ற பிறகு இருந்த அந்த அமைதி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. ஒலியை முழுவதும் நிறுத்தினால் கணினி பழுதானது போலத்தான் இருக்கிறது. எங்கோ தூரத்தில் ஈரக் கிளை முறிகிற சத்தம் ஒன்று வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல ஒலிவாங்கி வைத்திருப்பவர்கள் யாராவது கடலூர்ப் பக்கம் இருந்தால் கீழே சொல்லுங்கள்.