எஸ்வி2ஏ மரபணுவைச் சோதித்தால் வலிப்பு மருந்து ஒத்துவருமா என்று தெரியுமா?

டர்பன், சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “மகளுக்கு 7 வயது, எடை 20 கிலோ. வலிப்புக்கு லெவெட்டிரசெட்டம் சிரப் காலையும் இரவும் 2 மில்லி கொடுக்கிறோம். வலிப்பு குறைந்தது, நிற்கவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். எஸ்வி2ஏ மரபணுவைச் சோதித்தால் இந்த மருந்து ஒத்துவருமா என்று தெரியுமா?”

தெரியாது அம்மா. அதற்காகப் பணம் செலவழிக்க வேண்டாம்.

நரம்பு முனைகளில், செய்தி கடத்தும் வேதிப்பொருளை அடைத்துவைத்திருக்கும் நுண்பைகளின் சவ்வில் இருக்கும் புரதம் எஸ்வி2ஏ. அதே பெயருள்ள மரபணுதான் அதை உருவாக்குகிறது. அது அறவே இல்லாத எலிக்குட்டிகள் கடும் வலிப்பு கண்டு மூன்று வாரத்துக்குள் இறந்துவிடுகின்றன. லெவெட்டிரசெட்டம் பற்றுவது இதில்தான் என்று 2004இல் கண்டுபிடித்தார்கள். மருந்து அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. இந்த மரபணுவில் ஆளுக்கு ஆள் காணப்படும் சாதாரண வேறுபாடுகள் மருந்தின் பலனை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று 2009இல் வந்த ஆய்வு காட்டியது. மருந்து பற்றும் இடம் வேறு, நோய்க்கு வேர் வேறு.

வேரைத் தேடும் வலிப்பு மரபணு பேனல் சோதனையை (பல மரபணுக்களை ஒரே நேரத்தில் பார்ப்பது) மருத்துவர் சொன்னால் செய்யுங்கள். எஸ்சிஎன்1ஏ மரபணுவில் பழுது என்றால் கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தே வலிப்பைக் கூட்டக்கூடும். எஸ்எல்சி2ஏ1 மரபணுவில் பழுது என்றால் கொழுப்பு மிகுந்த, மாவுச்சத்து மிகக் குறைந்த கீட்டோஜெனிக் உணவே முக்கிய சிகிச்சை. சிகிச்சையை மாற்றும் முடிவுகள் இவை.

இப்போது அளவைப் பாருங்கள். பாட்டிலில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் என்றிருந்தால் 2 மில்லி என்பது 200 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 10. இது தொடக்க அளவுதான். வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டி, வேளைக்குக் கிலோவுக்கு 30 வரை, இவள் எடைக்கு 6 மில்லி வரை போவார்கள். ஆனால் கோபம் இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவு. கூட்டினால் அதுவும் கூடலாம். எனவே நீங்களாகக் கூட்டாதீர்கள். கோபம் மருந்துக்கு முன்பே இருந்ததா, எந்த வாரம் தொடங்கியது என்று குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மருத்துவர் மருந்தை மாற்றலாம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதாகப் பேசினால் அன்றே காட்ட வேண்டும்.

வீட்டுக் கரண்டியில் அளக்காதீர்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். குழந்தைகள் உடம்பில் இந்த மருந்து சுமார் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால்தான் 12 மணி நேர இடைவெளி தவறக்கூடாது. கோபத்துக்குப் பயந்து சட்டென்று நிறுத்தினால் வலிப்பு திரும்பப் பாயும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆம்புலன்ஸுக்கு 10177ஐ அழையுங்கள், செல்போனிலிருந்து 112.