மூன்று முறை எண்ணுவது - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 14 பேர். நான் ஊக்குநர். பள்ளியிலிருந்து என்னோடு படித்த தோழி பிரதிநிதியாக இருந்தாள். வங்கியில் கட்டச் சொல்லிக் கொடுத்த 4 தவணைகளை அவள் கட்டவே இல்லை. நகையை அடகு வைத்து நான்தான் நேர்செய்தேன். உறுப்பினர்கள் மறுபடியும் என்னையே ஊக்குநராக்கிவிட்டார்கள். புதிய பிரதிநிதி சின்னப் பெண். அவள் எண்ணிக் கொடுக்கும் பணத்தை அவள் எதிரிலேயே மூன்று முறை எண்ணுகிறேன். பாஸ்புத்தகத்தை அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை. அவள் முகம் வாடுவது தெரிகிறது. இந்த மனத்தோடு நான் பொறுப்பில் இருக்கலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெண்ணின் முகம் வாடுவது உங்கள் கண்ணில் படுகிறதே, அதனாலேயே நீங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும் என்கிறேன்.

1908இல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் காந்திக்கு நடந்தது நினைவுக்கு வருகிறது. ஆசியர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றவர், அங்கே அரசின் அமைச்சராக இருந்த ஜெனரல் ஸ்மட்ஸுடன் சமரசத்துக்கு வந்தார். மக்கள் தாமாகவே பதிந்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்று நம்பினார். அந்த வாக்குறுதி வாய்வார்த்தையாகவே இருந்தது. 15,000 பவுண்டுக்கு எங்களை விற்றுவிட்டீர்கள் என்று கூட்டத்திலேயே ஒருவர் அவரைக் கேட்டார்.

பிப்ரவரி 10 அன்று முதல் ஆளாகப் பதியப் புறப்பட்டவரை வழியில் மீர் ஆலம் தடியால் அடித்து வீழ்த்தினார். அவர் காந்தியிடம் வழக்குக்கு வந்துபோன பழைய கட்சிக்காரர். தடுக்கப் பாய்ந்த போராட்டத் தோழர் தம்பி நாயுடுவுக்கும் அடி விழுந்தது. பாதிரியார் டோக்கின் வீட்டில் காயங்களோடு படுத்திருந்த காந்தி, அடித்தவர்மேல் வழக்கு வேண்டாம் என்றார். பதிவு அதிகாரியை அங்கேயே தாள்களுடன் வரவழைத்துக் கைரேகை வைத்தார். இத்தனைக்கும் பிறகு சட்டம் நீக்கப்படவில்லை. அப்படி ஒரு வாக்குறுதியே தரவில்லை என்றார் ஸ்மட்ஸ்.

இருபது முறை ஏமாற்றப்பட்டாலும் இருபத்தோராவது முறையும் நம்ப சத்தியாக்கிரகி தயாராக இருப்பான் என்று காந்தி பின்னாளில் எழுதினார். ஏமாளித்தனம் என்று தோன்றலாம். ஆனால் 1914இல் அதே ஸ்மட்ஸுடன் மறுபடி பேச உட்கார்ந்தபோது அவர் செய்ததைப் பாருங்கள். ஒப்புக்கொண்ட விஷயங்கள் ஜூன் 30 அன்று கடிதங்களாகவே பரிமாறப்பட்டன. ஆளை நம்பினார், பேச்சைத் தாளில் வாங்கிக்கொண்டார். இரண்டையும் ஒரே மனிதர் செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நீங்களும் தாளில் வாங்குங்கள். கூட்டத்தில் எல்லோர் எதிரிலும் ஒரு முறை பணத்தை எண்ணி, தீர்மான நோட்டில் தொகையை எழுதி அனைவரும் கையெழுத்திடுங்கள். வங்கிச் சலானை அடுத்த கூட்டத்தில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களே கட்டப் போனாலும் இதே முறைதான். அது எல்லோருக்கும் பொது. யார் முகமும் வாடாது. இப்போது நீங்கள் மூன்று முறை எண்ணுவதோ தோழி வைத்துவிட்டுப் போன கடனை இந்தப் பெண்ணிடம் வசூலிப்பது. அவள் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் தொட்டதில்லை.

நண்பர்களோடு சிற்றிதழ் நடத்தியபோது சந்தாப் பணத்தில் எனக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. அதன்பின் தபால்தலைக் கட்டைக்கூட என் மேஜையில் பூட்டி வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் விலகிப் போன இரண்டு இளைஞர்களும் நேர்மையானவர்கள். இன்றும் அது உறுத்துகிறது.

காந்தியின் கதைக்கே வருகிறேன். சட்டம் நீக்கப்படாததால் 1908 ஆகஸ்ட் 16ஆம் தேதி, ஜோகன்னஸ்பர்க்கின் ஹமீதியா மசூதித் திடலில் பதிவுச் சீட்டுகளைக் கொப்பரையில் போட்டு எரித்தார்கள். மீர் ஆலம் மேடைக்கு வந்து, அடித்தது தவறு என்று சொல்லித் தன் சீட்டையும் எரிக்கக் கொடுத்தார். காந்தி அவர் கையைப் பற்றிக்கொண்டார்.

உங்கள் தோழி திரும்பி வருவாளா, நான் அறியேன். அடுத்த தவணைக்குப் பாஸ்புத்தகத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தனுப்புங்கள். சலானோடு அவள் திரும்பி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.